பெரிய வண்டி என்றால் குடிக்கத்தான் செய்யுமா?

போன வாரம் மன்னார்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போய் வந்தோம். சித்தப்பா மகன் சிங்கப்பூர் கிளம்பினான். மச்சானுடைய எஸ்யூவியில் ஏழு பேர், மேலே கேரியரில் மூன்று பெட்டி. புறப்படும்போது டேங்க் நிரப்பிய அதே பங்கில் திரும்பி வந்தும் நிரப்பினோம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர்கூட வரவில்லை.

"இவ்ளோ பெரிய வண்டி அத்தான், குடிக்கத்தான் செய்யும்" என்றான் மச்சான்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெரிய வண்டியின் வடிவமைப்பில் கை வைத்தால் எண்ணெய் மிச்சமாகும். அதுவும் சின்னக் காரில் மிச்சமாவதைவிட அதிகமாக. லிட்டருக்கு 18 கொடுக்கிற காரை 22 கொடுக்க வைத்தால், 1000 கிலோமீட்டருக்கு மிச்சம் 10 லிட்டர். லிட்டருக்கு 8 கொடுக்கிற வண்டியை 10 கொடுக்க வைத்தால், மிச்சம் 25 லிட்டர். இரண்டு கிலோமீட்டர்தானே ஏறியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் மிச்சம் அங்கேதான் கிடக்கிறது.

ஆடி மாதம் டிவிஎஸ் எக்ஸெல்லில் குறுக்கே வைக்கோல் கட்டை வைத்துக்கொண்டு எதிர்காற்றில் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நகராது. கட்டு கனமில்லை, அகலம். எஸ்யூவி கதையும் அதேதான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் போகும்போது இருந்த தடை 90-ல் இரண்டே கால் மடங்கு. நம் டெல்டாவில் ஏற மலை கிடையாது. தஞ்சாவூர் தாண்டி நாலு வழிச் சாலை பிடித்துவிட்டால் இன்ஜின் சக்கரத்துக்குத் தரும் பலத்தில் பெரும்பங்கு காற்றோடு சண்டை போடத்தான் போகிறது. முகப்பை நிமிர்த்திச் சதுரமாகச் செய்யாமல் கொஞ்சம் சாய்த்து, கூரையைப் பின்பக்கம் இறக்கி, அடிப்பாகத்தைத் தகடு போட்டு மூடி, முகப்பில் காற்று புகும் கிரில்லைத் தேவையில்லாத நேரத்தில் தானே மூடிக்கொள்ளும்படி வைத்தால் தடை குறையும். இதெல்லாம் ஏற்கெனவே பல வண்டிகளில் இருப்பதுதான்.

அப்புறம் அந்தக் கேரியர். கூரைமேல் பெரிய பெட்டி வைத்து ஓட்டினால் நெடுஞ்சாலையில் மைலேஜ் 6 முதல் 17 சதவீதம் வரை விழும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வரும்போது எங்கள் கேரியர் காலிதான். காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும்.

ஊருக்குள் வந்தால் எதிரி எடை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. கேட் திறந்ததும் இரண்டு டன்னை அசைத்து உருட்ட வேண்டும். கொஞ்ச தூரத்தில் வேகத்தடை, மறுபடி பிரேக். உருட்டச் செலவழித்த எண்ணெயெல்லாம் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். லாரிபோலத் தனி சேஸிஸ்மேல் உடலை உட்கார வைக்காமல் இரண்டையும் ஒரே கூடாகச் செய்தாலே கனம் குறையும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 6 முதல் 8 சதவீதம் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி, இப்படி பிரேக்கில் சூடாகி வீணாகிற ஆற்றலில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கிப் பிடித்து வைக்கிறது, கேட்டில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுகிறது. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவைப் பாருங்கள். பேருக்குக் கொஞ்சம் மின் உதவி மட்டும் உள்ள (மைல்ட் ஹைப்ரிட்) மேனுவல் வண்டிக்குச் சோதனையில் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், முழு ஹைப்ரிட்டுக்கு 27.97. நான்கு சக்கரமும் இழுக்கிற மாடலுக்கு 19.38. சாலையில் இவ்வளவு வராது, சரி. ஆனால் ஒரே வண்டிக்குள் எவ்வளவு வித்தியாசம்! நம் ஊர்ச் சேற்றில் டிராக்டர்தான் போகும், நான்கு சக்கர இழுவையை வாங்கி என்ன செய்யப்போகிறோம்?

உயரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-ல் கஜா புயல் அடித்துப்போட்ட சாலைகளில் நானும் போயிருக்கிறேன். வாய்க்கால் கரைச் சாலையில் தாழ்ந்த காரின் அடிவயிறு உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதற்காக முகப்பு சுவர்போல நிமிர்ந்து நிற்க வேண்டுமா?

அரசு விதியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. 2022-23 முதல் கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகளின் சராசரிப் புகை கிலோமீட்டருக்கு 113 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பது இலக்கு. ஆனால் அந்த இலக்கு வண்டிகளின் எடையோடு சேர்ந்து ஏறி இறங்கும். கனமாகச் செய்கிற கம்பெனிக்குச் சலுகை, எடையைக் குறைத்தவனுக்கு இலக்கு இறுகும். அப்புறம் எவன் குறைப்பான்? இதை மாற்ற வேண்டும்.

மண்ணுக்கடியில் எண்ணெய் எடுக்காதே என்று வெயிலில் உட்கார்ந்து போராடிய ஊர்க்காரர்கள் நாம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. எரிக்கிற எண்ணெயைப் பற்றியும் நமக்கு அதே அக்கறை வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு ஷோரூமில் "இதோட எடை என்ன தம்பி?" என்று கேட்டேன். அந்தப் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டினான். மறுபடி கேட்டேன், டச் ஸ்கிரீனைக் காட்டினான். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

கேரியரை மறுநாள் காலையிலேயே கழற்றச் சொல்லிவிட்டேன். முதலில் மச்சான் முனகினான், அப்புறம் அவனே ஸ்பேனர் எடுத்து வந்தான். தீபாவளிக்குள் மச்சான் வண்டி மாற்றப்போகிறான். கூட நானும் போகிறேன்.