யார் ஜெயிச்சது? இன்னும் தெரியல

கார் பந்தயம் முடிந்து முக்கால் மணி நேரம் இருக்கும். மேடை, கோப்பை, தேசிய கீதம், ஷாம்பெயின் குளியல் எல்லாம் ஆகிவிட்டது. மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "யாருப்பா ஜெயிச்சது?" என்றாள். போனில் அதே பக்கத்தைப் பதினைந்தாவது முறையாகத் திறந்துகொண்டே, "இன்னும் தெரியலம்மா" என்றேன்.

"அதான் முடிஞ்சிருச்சே?"

"முடிஞ்சிருச்சு. ஆனா தெரியல."

ஐயோ பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இருபது வருஷத்துக்கு மேலாக ஃபார்முலா 1 பார்க்கிறேன். அதுவும் ஃபெராரி ரசிகன், கேட்கவே வேண்டாம். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கட்டம் போட்ட கொடி விழும்போது சந்தோஷப்படாமல் இருப்பது. தோற்றால் உடனே துக்கப்படலாம், அதற்குத் தடையில்லை. ஜெயித்தால் மட்டும் பொறுத்திருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஒரு வரி வருமே, 'பந்தயத்துக்குப் பிறகு விசாரிக்கப்படும்' என்று, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் ஐயா பிறகு? இரண்டு மணி நேரம் நாங்கள் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம்?

பிறகு என்ன நடக்கும் தெரியுமா? பந்தயத்துக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ எண் போட்டு ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியிடும். கார் சோதனை செய்தவரின் அறிக்கை ஒன்று வரும். அது 'ஸ்டீவர்டுகளின் (பந்தய நடுவர்களின்) பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது' என்று முடிந்தால் சங்குதான். அந்த வாக்கியத்துக்காகத்தான் ஞாயிறு இரவுகளில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். பந்தயத்தை விட இந்தக் காத்திருப்பில்தான் அதிகம் வியர்க்கிறது.

2024 பெல்ஜியம் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் ஸ்பா பாதை. பெரும்பாலோர் இரண்டு முறை டயர் மாற்ற, மெர்சிடிஸின் ஜார்ஜ் ரஸ்ஸல் ஒரே ஒரு முறை மாற்றிவிட்டு, தேய்ந்த டயரில் 34 சுற்று ஓட்டி, பின்னால் புது டயரோடு நெருக்கிய அதே அணியின் ஹாமில்டனை அரை நொடியில் தடுத்து ஜெயித்தார். நான் மெர்சிடிஸ் ஆள் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினேன். அப்படி ஒரு ஓட்டம். சில மணி நேரம் கழித்து ஆவணம் வந்தது. முதலில் தராசில் ஏற்றியபோது கார் சரியாக 798 கிலோ, அப்போது அதுதான் குறைந்தபட்ச எடை. தொட்டியில் மிச்சமிருந்த 2.8 லிட்டர் பெட்ரோலை வடித்துவிட்டு மறுபடி ஏற்றினால் 796.5. ஒன்றரைக் கிலோ குறைவு. ரஸ்ஸல் தகுதி நீக்கம், வெற்றி ஹாமில்டனுக்கு. நான் தட்டிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதில் ஒரு கூத்து உண்டு. மற்ற ஊர்களில் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் மெதுவாக ஒரு முழுச் சுற்று வருவார்கள். வரும்போது ஓரத்தில் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் மேல் வேண்டுமென்றே ஓட்டுவார்கள். அவை டயரில் ஒட்டிக்கொள்ளும், காருக்குக் கொஞ்சம் எடை ஏறும். ஸ்பா பாதை ஏழு கிலோமீட்டர் நீளம் என்பதால் அங்கே அந்தச் சுற்று கிடையாது, நேரே திரும்பி, கார் நிறுத்தும் பிட்டுக்குள் வந்துவிடுவார்கள். ஆக, குப்பை பொறுக்கச் சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம் என்று பேசும் நிலைமைக்கு வந்துவிட்டோம். உலகின் தலைசிறந்த கார் பந்தயம்!

சரி, விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. எடை குறைந்த கார் வேகமாகப் போகும், அது நியாயமில்லை. காரின் அடியில் இருக்கும் பலகையும் அப்படித்தான். 1994இல் இத்தாலியின் இமோலாவில் ஓட்டுநர் செனா பந்தயத்தில் இறந்த பிறகு, கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தக் கூடாது என்று கொண்டுவந்த ஏற்பாடு அது. பத்து மில்லிமீட்டர் பலகை, ஒன்பதுக்குக் கீழே தேயக் கூடாது. தேவையான விதி. ஆனால் அந்தப் பலகை என் வயிற்றெரிச்சலை எத்தனை முறை கொட்டிக்கொண்டது என்று எனக்குத்தான் தெரியும்.

2025 சீனா. ஃபெராரிக்கு வந்து சேர்ந்த ஹாமில்டன் சனிக்கிழமை ஸ்பிரிண்ட் என்ற குட்டி ஓட்டத்தில் ஜெயித்தார். சிவப்பு உடையில் அவருக்கு முதல் வெற்றி. அன்றைக்கு ஒரு வருஷத்துக்கான நம்பிக்கை எனக்கு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் இன்னொரு ஓட்டுநர் லெக்லெர் ஐந்தாவது, ஹாமில்டன் ஆறாவது. பரவாயில்லை, புள்ளி வந்ததே என்று எழுந்து வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேருமே பட்டியலில் இல்லை! ஒருவருக்குப் பலகை தேய்ந்துவிட்டது, இன்னொருவருக்குக் கார் ஒரு கிலோ குறைவு. ஒரே அணி, ஒரே நாள், இரண்டு கார், இரண்டு வெவ்வேறு குற்றம். இதைச் செய்யவும் தனித் திறமை வேண்டும்.

அதே வருஷம் லாஸ் வேகாஸில் மெக்லாரனின் இரண்டு கார்களும் இதே பலகையால் அடிபட்டன. இரண்டாவதாக வந்த நாரிஸும் நான்காவதாக வந்த பியாஸ்ட்ரியும் போனார்கள். சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டத்தில், தூங்கி எழுவதற்குள் மொத்தக் கணக்கும் மாறியிருந்தது.

அளவுகோல் வைத்து அளக்கும் விஷயமாவது தேவலை. மில்லிமீட்டர் மில்லிமீட்டர்தான். மனிதர்கள் கூடி முடிவு செய்வது இருக்கிறதே, அங்கேதான் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். ஸ்டீவர்டு குழு பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். போன வாரம் கண்டிப்போடு விட்ட தப்புக்கு இந்த வாரம் ஐந்து நொடி. கேட்டால், ஒவ்வொரு சம்பவமும் தனி என்பார்கள். 2023 ஆஸ்திரியாவில் பாதை ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாகச் சந்தேகப்பட்டு ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பார்க்க வேண்டியிருந்ததாக எஃப்ஐஏவே சொன்னது. பந்தயத்துக்குள் பார்த்து முடியவில்லை. இன்னொரு அணி புகார் கொடுத்த பிறகு மறுபடி உட்கார்ந்து, எட்டு ஓட்டுநர்களுக்குத் தண்டனை போட்டார்கள். எங்கள் சைன்ஸ் நான்காவது இடத்திலிருந்து ஆறாவதுக்குப் போனார். அடுத்த வருஷம் அந்தத் திருப்பங்களின் ஓரத்தில் ஒரு கீற்று ஜல்லியைக் கொட்டினார்கள். பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்தது. ஜல்லி ஐயா, ஜல்லி! கோட்டுக்கு வெளியே போனால் கார் தானாகவே தண்டனை வாங்கிக்கொள்ளும். இதற்கு எத்தனை வருஷக் கூட்டம், எத்தனை கேமரா!

சரிசெய்கிறேன் என்று இவர்கள் தொட்டாலும் பயமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஸ்பாவில் விடாத மழை. ஆட்கள் மணிக்கணக்கில் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் போகும் சேஃப்டி கார் பின்னால் வரிசையாகச் சில சுற்று ஊர்வலம் விட்டு, அதைப் பந்தயம் என்று அறிவித்து, பாதிப் புள்ளி கொடுத்தார்கள். ஒருவரும் ஒருவரையும் முந்தவில்லை. ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5. அந்த அரைப் புள்ளிகள் வருஷம் முழுக்க ஒட்டிக்கொண்டு, கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது இருவரும் 369.5 என்று சமமாக நின்றார்கள். அந்தக் கடைசிப் பந்தயம் அபுதாபி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே ரத்த அழுத்தம் ஏறும், இருந்தாலும் பேசுகிறேன்.

58 சுற்றில் 53ஆவதில் லதிஃபி என்ற ஓட்டுநர் சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. முன்னால் ஹாமில்டன் பழைய டயரில், பின்னால் வெர்ஸ்டாப்பன் புது டயரில், நடுவில் ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து கார்கள். முதலில் அவர்கள் முந்தக் கூடாது என்றார்கள். அப்புறம் அந்த ஐந்து பேர் மட்டும் போகலாம் என்றார்கள். வெர்ஸ்டாப்பனுக்குப் பின்னால் இருந்த பின்தங்கிய கார்கள் அப்படியே நிற்க, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயம் திறக்கப்பட்டது. புது டயர் வெர்ஸ்டாப்பன் முந்தினார், சாம்பியன் ஆனார். மெர்சிடிஸ் கொடுத்த புகாரின் விசாரணையில் என்ன வாதம் வைத்தார்கள் தெரியுமா? விதியில் இருப்பது 'பின்தங்கிய எந்தக் கார்களும்' என்ற பொருள் தரும் சொல், 'எல்லாக் கார்களும்' என்ற சொல் அல்ல என்று! மோட்டார் பந்தயத்தின் உலக சாம்பியன் யார் என்பது இலக்கண வகுப்பில் முடிவாயிற்று. அதுவும் அன்றே முடிந்ததா? ஞாயிறு 12 டிசம்பரில் ஓடிய பந்தயத்துக்கு, மெர்சிடிஸ் மேல்முறையீட்டு எண்ணத்தைக் கைவிட்ட வியாழன் 16 வரை யாரும் நிம்மதியாக மூச்சு விட முடியவில்லை. அடுத்த மார்ச்சில் மனிதத் தவறு என்று அறிக்கை, ஆனால் முடிவு செல்லும் என்று அடுத்த வரி. விதியில் 'எல்லா' என்று திருத்தியும் விட்டார்கள். நான் ஃபெராரி ஆள், ஹாமில்டன் அன்றைக்கு எனக்கு எதிரி. அன்றிரவு அவருக்காக வயிறு எரிந்தது.

ஸ்பா பாதிப் புள்ளி அவமானத்துக்கும் மருந்து போட்டார்கள். எத்தனை சுற்று ஓடியதோ அதற்கேற்ற புள்ளி என்று புது அட்டவணை. 2022 அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில் மழை, 53இல் 28 சுற்றுதான் ஓடியது. அட்டவணைப்படி குறைந்த புள்ளி என்று நாங்கள் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த அட்டவணை, நிறுத்திய பந்தயம் மறுபடி தொடங்காவிட்டால் மட்டுமே பொருந்துமாம். தொடங்கிவிட்டதால் முழுப் புள்ளி. கூடவே கடைசித் திருப்பத்தில் வெளியே போனதற்காக லெக்லெருக்கு ஐந்து நொடித் தண்டனை, இரண்டாவதிலிருந்து மூன்றாவது. இரண்டும் சேர்ந்து வெர்ஸ்டாப்பன் உலக சாம்பியன். பேட்டி எடுத்தவர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. சொன்ன பிறகும் நிஜமா என்று சந்தேகமாகவே நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிய சாம்பியனுக்கே தெரியாததை நான் என் மகளுக்கு எப்படிச் சொல்வது?

கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி (2014, ஒரே வருஷம்), வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி (2019இல் வந்தது, 2025இல் போனது), 2016இல் இரண்டே பந்தயம் தாங்கிய தகுதிச் சுற்று முறை என்று இன்னும் நிறைய இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

"இதுதானே சுவாரஸ்யம்" என்று சிலர் வருவார்கள். நெருப்பை மூட்டுவதே அவர்கள்தான். பாதையில் நடந்தால் சுவாரஸ்யம். அலுவலக அறையில், நாங்கள் பார்க்க முடியாத இடத்தில், நாங்கள் தூங்கிய பிறகு நடந்தால் அது சுவாரஸ்யம் இல்லை, தபால். இறங்கிய ஓட்டுநரை மேடைக்கு முன்பே தராசில் நிறுத்துகிறார்கள் அல்லவா? காரையும் அதே சுருக்கில் வடித்து, அளந்து, அப்புறம் தேசிய கீதம் போடட்டும். அரை மணி நேரம் தாமதமாகும். ஆகட்டுமே! மூன்று மணி நேரம் மழையில் நிற்க வைக்கத் தெரிகிறதே.

இதெல்லாம் இப்போது வந்த வியாதி என்று நினைத்தால், அதுவும் இல்லை. 2003 பிரேசிலில் ஓட்டுநர் ஃபிசிகெல்லா இரண்டாம் படியில் நின்று, ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட ரைக்கோனனுக்குக் கைகொடுத்தார். சில நாள் கழித்துச் சுற்றுக் கணக்கில் பிழை என்று தெரிந்து, ஜெயித்தது ஃபிசிகெல்லாதான் என்றார்கள். அவருடைய முதல் வெற்றி. கோப்பை இரண்டு வாரம் கழித்து இமோலாவில் கைமாறியது. ஃபெராரியின் கடைசி ஓட்டுநர் பட்டம், 2007 ரைக்கோனன், ஒரே புள்ளி வித்தியாசம். அக்டோபரில் ஜெயித்த அதுகூட, வேறு அணிகளின் பெட்ரோல் வெப்பநிலை பற்றிய மேல்முறையீட்டால் நவம்பர் நடுவரை தொங்கலில் கிடந்தது.

ஆனால் எனக்கு ஆள் என்றால் அப்போதைய ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாதான். 2008, பிரேசிலின் இன்டர்லாகோஸ், கடைசிப் பந்தயம், மழை. சொந்த ஊரில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். பட்டம் அவருக்குத்தான் என்று அணியின் காரேஜில் அவர் குடும்பம் குதிக்கிறது. நானும் குதித்தேன், அப்போது நான் இன்னும் வித்தை கற்றிருக்கவில்லை. கடைசித் திருப்பத்துக்கு முன், உலர் டயரில் தத்தளித்த குளோக்கை ஹாமில்டன் தாண்டி ஐந்தாவது ஆனார். ஹாமில்டனுக்கு 98, மாஸாவுக்கு 97, பட்டம் போயிற்று. அடுத்த வருஷம்தான் தெரிந்தது, அதே 2008இல் சிங்கப்பூரில் ரெனோ அணி சொல்லிப் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதியிருந்தார் என்று. அந்தக் குழப்பத்தில்தான் முன்னணியில் இருந்த மாஸாவின் பந்தயம் நாசமானது. அதற்காக அவர் தொடுத்த வழக்கு 2025 அக்டோபரில் லண்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. பதினேழு வருஷம் கழித்து.

நேற்று மகள் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்குப் பிடிச்ச ஆளு ஒரு தடவையாவது சாம்பியன் ஆகியிருக்காராப்பா?"

"ஆனாரே. முப்பத்தெட்டு செகண்ட்."

"அப்புறம்?"

"கேஸ் நடந்துட்டு இருக்கு."