ஆள் கிடைப்பது மட்டும்தான் தகுதியா?

பல்லடம் பக்கம் ஒரு நெசவு மில். 288 ஏர்ஜெட் தறிகள். ஒரு தறி நின்றால் பாவு (நீள நூல்) அறுந்ததா, ஊடை (குறுக்கு நூல்) அறுந்ததா என்று அந்த நொடியே திரையில் தெரிய வேண்டும். தறிக்கு ஒன்றாக சர்வருக்கு வரும் 288 இணைப்பும் இரவு பகலாகத் திறந்தே இருக்கும். ஒன்று கெட்டால் மற்றவை அசையக் கூடாது. எர்லாங் என்ற கம்ப்யூட்டர் மொழி பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். 1986-ல் சுவீடனின் எரிக்சன் கம்பெனி ஆய்வகத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகத் தொடங்கினார்கள். ஒருவர் அழைப்பு அறுந்தால் அடுத்தவர் பேச்சு கெடக் கூடாதே! அதன் மேல் கட்டிய எலிக்சிர் மொழியில் இரண்டே வாரத்தில் இந்த மில்லுக்கான மென்பொருளின் மாதிரி செய்து காட்டினேன்.

எங்கள் முதலாளி தறிக் குடும்பத்தில் பிறந்தவர். எந்தத் துணிக்கு எந்தத் தறி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங் தம்பி, நாளைக்கு நீங்க போயிட்டா இதுக்கு ஆளு கெடைக்குமுங்களா?"

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் முடிவு வந்தது. நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் மொழியை சர்வரில் ஓட்டுவது), ஏனென்றால் எல்லாருக்கும் தெரியுமாம். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த வாட்ஸ்அப்பின் சர்வரே எர்லாங்கில் எழுதியது! 2012-லேயே ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்பைத் தாங்கிக் காட்டினார்கள். எங்களுக்கு வேண்டியது 288.

போன மாதம் ராத்திரி இரண்டு மணி. ஒரே ஒரு தறியின் கன்ட்ரோலர் அரைகுறையாகத் தகவல் அனுப்பியது. யாரும் எதிர்பார்க்காத எரர், மொத்த பிராசசும், அதாவது ஓடிக்கொண்டிருந்த புரோகிராமே, விழுந்தது. ஷிப்ட் மேஸ்திரி போனில் பதறுகிறார்: "தறியெல்லாம் ஓடிட்டுத்தானுங்க இருக்குது, இங்க அத்தனையும் நின்னுபோச்சுன்னு காட்டுதுங்க!"

நோடில் இதைத் தடுக்க முடியாதா? முடியும். பிராசசைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காவல் வைத்து, விழுந்ததை எழுப்பிவிட்டு... அதற்குத்தான் மூன்று மாதமாகத் தூக்கம் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். எர்லாங்கில் இது மொழியோடு சேர்ந்தே வருகிறது.

ஆள் கிடைக்காது என்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பீளமேட்டுக் கல்லூரியிலிருந்து வந்த இரண்டு பசங்க என் மாதிரியைப் பார்த்துவிட்டு, நாலு சனிக்கிழமை உட்கார்ந்து எலிக்சிர் படித்து, அதில் இருந்த தவறையே திருத்திக் கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு மொழி ஒரு மாதம். பொருந்தாத மொழியைக் கட்டி இழுப்பது எத்தனை வருஷம்?

நேற்று அடுத்த மில்லுக்கான மீட்டிங், இந்த முறை 500 தறி. எந்த மொழி என்று யாரும் கேட்கவே இல்லை. முதல் ஸ்லைடிலேயே நோட் என்று போட்டிருந்தது.