புளி போட்டுத் துலக்கிய காசு

எங்கள் நாணயக் குழுவில் சென்ற வாரம் ஒரு தம்பி சதுரச் செப்புக் காசு ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். குத்துவிளக்கைப் போலப் பளபளக்கிறது. புளி போட்டுத் துலக்கியிருக்கிறார். கூடவே ஒரே கேள்வி: "எவ்வளவு போகும்?"

எனக்கு மனம் பொறுக்கவில்லை. பழஞ்செம்பின் மேல் இறுகிப் படிந்திருக்கும் பச்சைக் களிம்பு அழுக்கு அல்ல. மண்ணும் ஈரமும் பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்த தோல். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். அதனோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

பெரியப்பா எனக்குக் கொடுத்த முதல் காசை நான் துலக்காமல் விட்டது வெறும் சோம்பலால்தான். ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் அமர்ந்த உருவம், கைக்குக் கீழே புரியாத எழுத்து. படத்தைக் குழுவில் போட்டு, "இது என்ன?" என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒருவர் படித்துச் சொன்னார்: வடமொழி எழுதும் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. தஞ்சையை ஆண்டவன் ஏன் நாகரியில் பொறித்தான் என்று இரண்டு இரவுகள் விவாதம் நடந்தது. மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தம்மிடமிருந்த காசைக் காட்டினார். அதே நிற்கும் உருவம், அதே அமர்ந்த உருவம். ஆனால் எழுத்து 'ஸ்ரீ பராக்ரம பாஹு'. இலங்கையின் பொலன்னறுவையில் சோழர் ஆட்சி 1070-இல் முடிந்துவிட்டது. 1153-இல் அங்கே அரியணை ஏறிய சிங்கள மன்னன் பராக்ரமபாகுவும் சோழக் காசின் வடிவத்தையே வைத்துக்கொண்டான்! சந்தையில் மக்களின் கை அந்த வடிவத்துக்குப் பழகிப்போயிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காசுதான் அது.

விலையே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்காமல் யாரும் சேகரிக்க முடியாது. ஆனால் விலை முதல் கேள்வியானால் ஏமாற்றுக்காரன் உள்ளே வந்துவிடுகிறான். வைஷ்ணோதேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் கிடைக்கும் என்ற செய்தியை நம்பி, 'கமிஷன்' கட்டி இழந்தவர்களை எனக்குத் தெரியும். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய வியாபாரத்துக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்தது.

அந்தத் தம்பியிடம் நான் விலை சொல்லவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கரூரில் அம்மாயி வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருந்ததாம். அமராவதி ஆற்று மணலில் தாத்தா எடுத்ததாம். மறுபக்கத்தையும் படமெடுத்துப் போடச் சொன்னேன். நேற்றிரவு போட்டார். முன்பக்கம் யானை. பின்பக்கத்தில், துலக்கியதில் பாதி தேய்ந்துபோய், வில்லும் அம்பும்.

"அண்ணா, இது சேரர் காசா?" என்று கேட்டிருக்கிறார். விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.