ஊழியத்துக்கு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு

போதகராக ஊழியம் செய்ய இறையியல் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் சபையின் தேர்வுக் கமிட்டியில் தவறாமல் கேட்கும் கேள்வி, "உனக்கு அழைப்பு எப்போது வந்தது?" அதாவது, கடவுள் உன்னை எப்போது இதற்குக் கூப்பிட்டார்? பதிலும் எல்லாருக்கும் மனப்பாடம். காய்ச்சலில் கிடந்தேன், ஜெபித்தார்கள், பிழைத்தேன், ஒப்புக்கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் அம்மாவின் பொருத்தனை, பிள்ளையை ஊழியத்துக்குத் தருகிறேன் என்று கடவுளிடம் செய்த நேர்த்திக்கடன். பைபிளில் அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கொடுத்த மாதிரி அம்மா என்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பையன் சொன்னால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பொருத்தனை செய்தது அவர், பி.டி. என்ற இறையியல் பட்டம் படித்துவிட்டு ஊர் ஊராக மாற்றலாகி அலையப்போவது இவன்.

"வேலை வேண்டும், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று ஒருவன் சொல்லட்டும், கமிட்டியே முகம் சுளிக்கும். எனக்கென்னவோ அவனைத்தான் நம்பத் தோன்றுகிறது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று லூக்காவில் இயேசுவே சொல்லியிருக்கிறார், அப்புறம் நமக்கு என்ன கூச்சம்? பண ஆசை எப்படியும் ஒருநாள் காணிக்கைக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். மாட்டாதது பேர் ஆசை. கன்வென்ஷன் என்ற ஜெபக் கூட்டத்துக்கான பேனரில் இயேசுவைவிடப் பெரிதாகத் தன் படம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் "கர்த்தருக்கே மகிமை". இதை எந்த ஆடிட்டர் பிடிப்பார்?

நம்ம கடலூரிலேயே ஒரு பழைய கதை உண்டு. கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டு மிஷனரி 1740-ல் இங்கே வந்தார். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே வசதியான ஒரு விதவையை மணந்தார், சொந்தக் காசைப் போட்டு ஒரு கோவிலும் கட்டினார், 1770-ல் அது திறக்கப்பட்டது. கடைசியில் கடனில் மூழ்கி, கட்டிய கோவிலே கடன்காரர்கள் கைக்குப் போகும் நிலை. 1787-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். கீர்நாண்டர் பணத்தை விரும்பினாரா, ஊழியத்தை விரும்பினாரா? இரண்டையும்தான் என்று நினைக்கிறேன். பொறாமையால் பிரசங்கிப்பவர்கள் இருப்பது தெரிந்தும், எப்படியோ கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் சந்தோஷம் என்று சிறையிலிருந்தபடி பிலிப்பியருக்கு எழுதினார் பவுல். நம் கமிட்டிகளுக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் கடலூரில் அடித்தது. மறுநாள் ராத்திரி வருஷப் பிறப்பு ஆராதனை, ஊரில் கரண்ட் இல்லை. ஆராதனையை ஜெனரேட்டர் வைத்து நடத்துவதா, எங்கே டீசல் கிடைக்கும் என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, பக்கத்து சபையில் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, படுக்கையில் இருந்த ஒரு பாட்டியின் வீட்டுக் கூரைமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பாட்டி நம்ம சபைகூட இல்லை. வேறு வேலை கிடைக்காமல் உபதேசியார் ஆனவன் என்று இவரைத்தான் ஊரில் சொல்வார்கள். கேட்டால் அவரும் மறுக்க மாட்டார். "ஆமாங்க, ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், எங்க போதகர் ஐயர்தான் சேர்த்துவிட்டாங்க" என்பார்.

அதனால் கமிட்டிப் பெரியவர்களே, அழைப்பு வந்த தேதியைக் கொஞ்சம் விடுங்கள். கடைசியாக எந்த நோயாளியைப் பார்க்கப் போனாய், அந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். பொருத்தனைப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா இல்லாத இடத்தில், உனக்கு நிஜமாகவே விருப்பமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லை என்று அவன் சொன்னால், சரி என்று வீட்டுக்கு அனுப்புங்கள், அவன் அம்மாவிடம் ஐயரே போய்ப் பேசட்டும்.