ஆர்டர் வந்தது, ஆறு போனது

உலகமயமாக்கல் திருப்பூருக்கு வேலை கொடுத்தது என்று ஒரு கட்டுரை படித்தேன். அதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே பனியன் கம்பெனிக் காசில்தான். அம்மா செக்கிங்கில் இருந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவார். சனிக்கிழமை சம்பளத்தில்தான் என் பள்ளிக்கூட நோட்டு வாங்கினோம். வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு அளவு வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரியில் முடிந்தபிறகு ஏற்றுமதி ஆர்டர்கள் பெருகின, ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாடம் ஆனது.

சரி, எங்கள் ஊர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை. அவர்கள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலை போனது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவைச் சேர்த்து ஒரு டீசர்ட்டுக்கு விலை கேட்டால், வெளிநாட்டு வாங்குபவர் வங்கதேசத்தைக் கைகாட்டுவார்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் இதே கதைதான். வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு எங்கள் தெருவில் ஷிப்ட் குறைந்தது. பக்கத்து லைன் வீட்டில் இருந்த ஒடிசா பையன்கள் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். வாடகை பாக்கியை அனுப்பிவிடுகிறோம் அக்கா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.