மீட்டது யாரிடமிருந்து?

மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைப் பற்றிய அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ‘ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து மீட்கப்பட்ட கலைப் பொக்கிஷம்’. மீட்டார்களாம்! மாதம் தவறாமல் கோயிலுக்கு வாடகை கட்டி அங்கே தையல் மிஷின் மிதித்த என் அப்பாவிடமிருந்தா?

கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதைக் குறை சொல்லவில்லை. 2018இல் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்த பிறகு, துணியும் காகிதமுமாக அடைத்த கடைகளை அங்கேயே விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சரி, போகட்டும். ஆனால் அங்கே பிழைத்தவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்களா?

திருமலை நாயக்கர் அதைக் கட்டியது வசந்த உற்சவத்துக்கு. வெயிலில் சாமி குளிர்ந்திருக்கச் சுற்றிலும் தண்ணீர். அப்புறம் அதே இடத்தில் வளையல், பாத்திரம், பஞ்சாங்கம், பாடப் புத்தகம், தையல். வைகாசியில் சாமியும் வரும். சாமிக்கே இடைஞ்சலாகத் தெரியாதவர்கள் உங்கள் கண்ணுக்கு அழுக்காகிவிட்டார்கள்.

சித்திரை பிறந்தால் அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது. அழகருக்கு வேஷம் கட்டுபவர்களின் சல்லடம், குல்லா எல்லாம் குவிந்து கிடக்கும். பகலிலும் பல்பு எரியும் அந்த இருட்டில் உட்கார்ந்து நான் ஜிகினா தைப்பேன். மிஷின் எண்ணெய் படக்கூடாதென்று தூணின் அடியில் பழைய வேட்டியைச் சுற்றியிருப்பார். தொப்பையும் கூப்பிய கையுமாக நிற்கும் நாயக்கர் சிலையைக் காட்டி, “இவருக்குச் சட்டைன்னா மூணு மீட்டராவது வேணும்” என்பார். அவரா சிற்பத்தின் எதிரி?

“தூணில் ஆணி அடித்தார்களே?” அடித்தார்கள், சிலர். தப்புதான். “சிற்பங்களை மறைத்தார்களே?” ஐயா, பள்ளிக்கூட நாளில் கைடு வாங்க அங்கே வந்தவர்தானே நீங்கள்? அன்றைக்கு எந்தச் சிற்பத்தை அண்ணாந்து பார்த்தீர்கள்? பேரம் பேசிவிட்டுப் போனீர்கள். இன்று கேமரா வந்ததும் கலை கண்ணுக்குத் தெரிகிறது.

கல்லைச் செதுக்கியவனைப் புகழ்கிறீர்கள், நல்லது. அவனும் கூலிக்கு வேலை பார்த்தவன்தான். என் அப்பாவும்தான். அவனுக்கு மரியாதை, இவருக்கு ‘ஆக்கிரமிப்பு’.

வீடியோவை அப்பாவிடம் காட்டக்கூடாது என்றிருந்தேன். யாரோ அனுப்பி, அவரே பார்த்துவிட்டார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுவதும் பார்த்தார்.

“வெளிச்சம் நல்லா வருதே” என்றார்.