எலெக்ட்ரிக் காருக்கும் சேர்விஸ் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்

"எலெக்ட்ரிக் கார் எடுத்தால் சேர்விஸ் செலவே இல்லை" என்று சொல்லி விற்பதை இனியாவது நிறுத்துங்கள். இலங்கை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்ட பிறகு கொழும்பில் எத்தனை குடும்பங்கள் கடன்பட்டு, நகையை அடகு வைத்து இந்தக் கார்களை எடுத்திருக்கின்றன. அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஒயில் இல்லை, பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, சரி. ஆனால் பிரேக் இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பிவிடுவதால் பிரேக் பேட் லேசில் தேயாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது, பேட் அதிகம் உரசாததால் டிஸ்க்கில் பிடிக்கும் துரு போகாது. அக்காவின் காரில் சில்லைக் கழற்றிப் பார்த்தோம், பேட் நல்ல தடிப்பாகத்தான் இருந்தது, ஆனால் டிஸ்க்கின் உள்பக்கம் முழுக்கத் துரு, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிப்போய்க் கையால் அசைக்கவே முடியவில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துப்புரவாக்கி கிறீஸ் போட்டிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. பிரேக் ஒயிலும் அப்படித்தான், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பெரும்பாலான கம்பனிகள் இரண்டு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன.

அப்புறம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 80 வீதம் சார்ஜ் இருந்தாலும் இது செத்தால் கார் உயிர் பெறாது, ஏனென்றால் பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சை இயக்குவதே இதுதான். இதை ஒரு நிமிடத்தில் மீற்றர் வைத்துப் பார்த்துவிடலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பில்லைப் பார்த்தால்தான். கொழும்பில் ஒரு இடத்தில் சேர்விஸ் செய்து கொடுத்த பில்லில் "பொதுப் பரிசோதனை" என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை. பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டால் கவுண்டரில் இருந்த தம்பி, "எல்லாம் ஓகே அண்ணா, பயப்படாதீங்க" என்கிறார். காரின் விலையில் பெரிய பங்கு அந்தப் பேட்டரிக்குத்தான், அதற்கு வாய்வார்த்தை போதுமா? கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்த்திருக்கிறார்கள், அதில் வந்ததை அச்சடித்துத் தருவதில் என்ன கஷ்டம்?

பழைய நிசான் லீஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 24 கிலோவாட் மணி பேட்டரி, உள்ளே 96 ஜோடி செல், அதாவது சின்னச் சின்ன பேட்டரிகள், அவற்றைக் கட்டி வைத்த 48 பெட்டிகள்தான் மொடியூல். பேட்டரியைக் குளிராக்கத் தனி ஏற்பாடு கிடையாது, அதனால் நம் ஊர் வெக்கை அதைச் சும்மா விடாது. பேட்டரியின் கொள்ளளவை டாஷ்போர்டில் 12 கோடுகளாகக் காட்டும், முதல் கோடு மறையும்போதே கிட்டத்தட்ட 15 வீதம் கொள்ளளவு போயிருக்கும். சில கார்களில் ஒன்றிரண்டு மொடியூல் மட்டும்தான் பலவீனமாக இருக்கும், ஆனால் முழுப் பேட்டரியும் அந்தப் பலவீனமான செல்லோடுதான் ஓட வேண்டும், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. எந்த ஜோடி வோல்டேஜில் பின்தங்குகிறது என்ற விபரம் கையில் இருந்தால் அந்த மொடியூலை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்கலாம். இல்லாவிட்டால் "முழுசா மாத்தணும்" என்பதற்குத் தலையாட்ட வேண்டியதுதான். புதிதாக வரும் சீனத்து பிவைடி போன்ற கார்களில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேட்) பேட்டரி, அதற்கு இடைக்கிடை 100 வீதம் வரை சார்ஜ் ஏற்றினால்தான் மீதிச் சார்ஜைக் கார் சரியாகக் கணக்கிடும். இதைக் கார் கொடுக்கும் நாளிலேயே சொல்லித் தர வேண்டாமா?

வாகனப் பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைப் பக்கம் கை சுத்தமான மெக்கானிக் பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள், பழகினால் இதையும் பிடித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கார்களின் செம்மஞ்சள் வயரில் ஓடுவது பெரும்பாலும் 350 வோல்ட்டுக்கு மேல். காப்பிட்ட கையுறை இல்லாமல், பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றாமல் அதில் கை வைக்க யாரையும் விடாதீர்கள், உங்கள் காரைவிட அந்த மனிதரின் உயிர் பெரிது. கார் கம்பனிகளின் ஏஜென்ட்மார் தங்கள் ஆட்களுக்கு மட்டுமில்லாமல் வெளிக் கராஜ்களுக்கும் காசு வாங்கியாவது பயிற்சி கொடுக்க வேண்டும்.

அடுத்த சேர்விஸுக்குப் போகும்போது பேட்டரி ஆரோக்கிய வீதம் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை வீதம் மீதி என்பது), மிகக் கூடிய செல்லுக்கும் மிகக் குறைந்த செல்லுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம், 12 வோல்ட் பேட்டரியில் மீற்றர் காட்டிய வோல்டேஜ், இந்த மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்க முன்னமே கேளுங்கள், தர மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.